பட்டாணி அளவு

முத்தியால்பேட்டை,
5 பிப்ரவரி 2025

என்னங்க,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வாய்கூடக் கொப்பளிக்கவில்லை. “தீபலட்சுமி.” வீட்டுக்குள் வேறு யாரோ இருந்து கூப்பிட்டது போலிருந்தது. உங்கள்மேல் குற்றமில்லை என்று அப்போதுதான் தோன்றியது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் கூப்பிட்டபோது போனை எடுத்தது எந்த ஆண்பிள்ளையும் இல்லை. நான் “ஹலோ” என்றேன். நீங்கள் “யார் பேசறது?” என்றீர்கள். “நான்தான்” என்றேன். “நான்தான்னா யாரு? தீபா எங்க?” என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. வைத்துவிட்டீர்கள். பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டீர்கள்.

அந்த ஆம்பளை நான்தான்.

கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் எடுத்த பிறகு எனக்கு எதிலும் மனம் ஒட்டாமல் போனது உங்களுக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லை. போன வருடம் ஜூனில் டாக்டர் ஜஹபர் நிஷா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆண்களுக்குச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்குமாம், சினைப்பையை எடுத்தால் அது குறைந்துபோகுமாம். இரண்டு மாதம் யோசித்து, மூன்று தடவை ரத்தம் எடுத்த பிறகுதான் கொடுத்தார். அவ்வளவு பயந்த டாக்டர். “இது ஆம்பளைங்களுக்குன்னு செஞ்ச ஜெல்லும்மா. பொம்பளைங்களுக்குன்னு தனியா இங்க கிடைக்கறதில்ல. தினம் ஒரு பட்டாணி அளவு, தொடையில. அதுக்கு மேல கூடாது” என்றார்.

அளவு கூடிவிட்டது போலிருக்கிறது. குரல் இறங்கிவிட்டது. கேஸ் ஏஜென்சியில் போன் எடுத்தால் எல்லாரும் “சார், சிலிண்டர் எப்ப சார் வரும்?” என்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா மூன்று வாரமாகத் தூதுவளை ரசம் கொண்டுவருகிறாள். “இன்னாக்கா, இன்னுமா தொண்ட கட்டிக்கினு கீது?” என்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

நாம் கடைசியாகப் பேசியது ஆயுத பூஜை அன்று. அதற்குப் பிறகு மெசேஜில் “சாப்டியா”, “சாப்டேன்” மட்டும்தான். ஒரு குரல் மாறி முடிகிற அளவுக்கு நாம் பேசாமல் இருந்திருக்கிறோம். எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
தீபா

*

சார்செல், பிரான்ஸ்
19 பிப்ரவரி 2025

தீபா,

கடிதாசி வந்துச்சு. பேனா புடிச்சி பத்து வருஷம் ஆவுது, தப்பு இருந்தா பொறுத்துக்க.

நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. அந்த ஞாயித்துக்கிழமை கிடங்குல மூட்டைய எங்க எறக்கறேன்னே தெரியாம எறக்கினேன். ரூம்ல தேவதாஸ்கிட்ட மட்டும் சொன்னேன். உன் கடிதாசி வந்ததும் டாக்டர் சீட்டையும் காட்டினேன். படிச்சிட்டு, “டேய் எழிலரசா, இது நம்மள மாதிரி வயசான ஆம்பளைங்க தடவறதுடா. இத எதுக்கு உன் பொண்டாட்டி தடவறா?”ன்னு சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரல.

நம்பறேன். பொய் சொல்ற பழக்கம் உனக்கு இல்ல. ஆனா ஒன்னு கேக்கறேன், கோவப்படாத. அந்த மருந்து எதுக்குன்னு எனக்கும் புரியுது. நான் இங்க இருக்கேன். நீ அங்க தனியா இருக்கே. அப்புறம் அது யாருக்காக?

உடனே நிறுத்திடு. அந்த டாக்டரையும் மாத்து.

எழில்

(நம்பரைத் திறந்துட்டேன். ஆனா இப்போதைக்கு எழுது. பேச வேணாம். கேக்க ஒரு மாதிரியா இருக்கு.)

*

முத்தியால்பேட்டை,
6 மார்ச் 2025

என்னங்க,

உங்கள் கையெழுத்து மாறவே இல்லை. ‘ழ’வுக்கு இன்னும் அதே நீண்ட வால்.

டாக்டரை மாற்றவில்லை. அவரிடம்தான் போனேன். நான் “வணக்கம் மேடம்” என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“எவ்ளோ தடவறீங்க?”

“நீங்க சொன்னதுதான் மேடம். பட்டாணி அளவு.”

“எந்தப் பட்டாணி?”

“பீச்ல சுண்டல் விப்பாங்களே, அந்தப் பட்டாணி.”

“வெந்ததா?”

“வேகாம எப்படி மேடம் சுண்டல்?”

அவர் சிரிக்கவில்லை. கீழே மளிகைக் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு கைப்பிடி காய்ந்த பட்டாணி வாங்கிவரச் சொன்னார். மேசைமேல் ஒன்றை வைத்தார். “நான் சொன்னது இது. ஊறி வெந்தா இது மாதிரி மூணு வரும். இனிமே யாருக்கும் பருப்பு, பட்டாணின்னு அளவு சொன்னா என்னையே செருப்பால அடிச்சிக்கணும்” என்றார். பிறகு ஊசியில்லாத இன்சுலின் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, முப்பதாவது கோட்டில் பேனாவால் வட்டம் போட்டார். “எப்பவாவது மறுபடி ஆரம்பிச்சா இதுதான். ஒரு கோடு தாண்டக் கூடாது. இப்ப ஆறு வாரம் எதுவும் வேணாம்.”

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

பட்டாணியில் தப்பு நடந்தது முதல் இரண்டு மாதம்தான். ஒரு பாக்கெட் பதினைந்து நாள் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஐந்தே நாளில் தீர்ந்தது. எண்ணத் தெரியாதவளா நான்? தெரிந்துதான் தடவினேன். மோவாயில் இரண்டு முடி முளைத்தது, பிடுங்கிப் போட்டேன். பாட்டு முணுமுணுத்தால் மேலே போகிற இடத்தில் காற்று மட்டும் வந்தது, பாடுவதை நிறுத்தினேன். ரத்தப் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்பே களிம்பை நிறுத்திவிடுவேன். எண் குறைவாக வரும். அப்போதும் அந்த அம்மாள் அளவைக் கூட்டாமல், “பொறுமையா போலாம்” என்பார். அவருடைய பயத்தை ஏமாற்றித்தான் என் குரலைத் தொலைத்தேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். “நான் திட்டுவேன்னு சொல்லலயா?” என்றார். “நீங்க நிறுத்திடுவீங்கன்னு சொல்லல” என்றேன்.

யாருக்காக என்று கேட்டீர்கள்.

முதலில் உங்களுக்காகத்தான். ஆபரேஷன் ஆகி நான்கு மாதத்தில் வந்தீர்கள். இருபத்திரண்டு நாள் இருந்தீர்கள். ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “மரக்கட்ட மாதிரி கெடக்கறே” என்றீர்கள். தமாஷாகத்தான் சொன்னீர்கள். விமானம் ஏறிப் போய்விட்டீர்கள். அந்தச் சொல் இங்கேயே தங்கிவிட்டது. வெண்டைக்காய் நறுக்கும்போது, வண்டி ஓட்டும்போதெல்லாம் அது கூடவே இருந்தது. அடுத்த முறை நீங்கள் வரும்போது நான் மரக்கட்டையாக இருக்கக் கூடாது என்றுதான் டாக்டரிடம் போனேன்.

மருந்து வேலை செய்தது. ஆனால் நீங்கள் வரவில்லை. ஆசை திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டிருக்கிறது, வீட்டில் ஆளில்லை. முதலில் அழுதேன். பிறகு வேறொன்று நடந்தது. வறுத்த வஞ்சிரத்தின் வாசனை பிடித்தது. வேலை முடிந்து பீச் ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். ஏஜென்சியில் மேனேஜர் தெய்வசிகாமணி சொல்கிற அறுதப்பழைய ஜோக்குக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதைத் திரும்பக் கொடுத்துவிட மனசு வரவில்லை. இதை யாரிடம் சொல்லியிருக்க முடியும்? உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் “சாப்டியா” என்று கேட்டீர்கள். நான் “சாப்டேன்” என்றேன்.

ஏப்ரலில் வாருங்கள். பத்து நாள் போதும். எதிரில் உட்கார்ந்து கேட்டால் இந்தக் குரல் பழகிவிடும். அத்தை படுக்கையில் இருந்த ஆறு வருடமும் அவர்களை விட்டுவிட்டு என்னால் அங்கே வர முடியவில்லை. அவர்கள் போன பிறகு நீங்களும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உங்கள்
தீபா

*

சார்செல்
24 மார்ச் 2025

தீபா,

படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். மரக்கட்டன்னு நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல. சொல்லி இருந்தா மன்னிச்சுக்க.

ஏப்ரல்ல முடியாது. இந்த வருஷ வக்கான்ஸ் கேட்டேன், எனக்கு முன்னாடி எட்டுப் பேரு கீறாங்க, லீவு இல்லன்னுட்டாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்.

உண்மைய சொல்லிடறேன். லீவு மட்டும் காரணம் இல்ல. நான் இங்க தனியா கெடக்கறப்ப எனக்குன்னு இருந்தது உன் குரல்தான். அன்னைக்கு போன்ல கேட்டது இன்னும் காதுலயே நிக்குது. நேர்ல வந்து நீ வாயத் திறந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. பயமா இருக்கு.

நாலு வருஷம் முன்ன நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒன்னு வச்சிருக்கேன். அம்மாவுக்கு மாத்திர வாங்கிட்டேன், கவலைப்படாதீங்கன்னு சொல்லுவே. பதினோரு செகண்டு. வேலைக்குப் போற ரயில்ல அதத்தான் கேக்கறேன்.

மருந்த நிறுத்திட்டா சரியாயிடும்னு தேவதாஸ் சொல்றான். பழைய குரல் வந்ததும் எனக்கு போன் பண்ணு. எந்த நேரமா இருந்தாலும் எடுப்பேன்.

எழில்

*

முத்தியால்பேட்டை,
15 ஏப்ரல் 2025

என்னங்க,

நேற்று வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி ஒரு கரண்டி செய்தேன். ஒரு ஆளுக்குச் செய்தாலும் கசப்பு குறையவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. ரத்தப் பரிசோதனையில் எண் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் காகிதத்தைத் தட்டிக்கொண்டே, “முடி குறையும், முகப்பரு போயிடும். குரல் மட்டும் முழுசா திரும்பாதும்மா. குரல் நாண் தடிச்சிப் போச்சுன்னா தடிச்சதுதான். நான் பொய் சொல்லமாட்டேன்” என்றார்.

“இனிமே?”

“ரெண்டு வழி. இதோட விட்டுடலாம், அதுதான் எனக்கு நிம்மதி. இல்லன்னா முப்பதாவது கோடு. ஆறு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம், எந்த நாள்னு நான் முன்னாடியே சொல்லமாட்டேன். காலையில போன் வரும், மதியத்துக்குள்ள வந்து நிக்கணும்.” கொஞ்சம் சிரித்தார். “வியாழக்கிழமை சொல்லுங்க. வீட்டுல கலந்து பேசிட்டு சொல்லுங்க.”

வீட்டில் கலந்து பேசத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆறு வாரமும் மறுபடி மரக்கட்டையாகத்தான் இருந்தேன். பீச்சுக்குப் போனேன், பாதியிலேயே திரும்பினேன். வஞ்சிரம் வாங்கவில்லை. குரல் மட்டும் கூட இருந்தது. மருந்து கொடுத்ததும் போய், அது எடுத்துக்கொண்டதும் திரும்பி வராமல், இரண்டு பக்கமும் நஷ்டம்.

போன சனிக்கிழமை ஏஜென்சியில் ஒரு போன் வந்தது. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வயதான அம்மாள். சிலிண்டர் விஷயமாக அடிக்கடி கூப்பிடுவார், முகம் பார்த்ததில்லை. நான் வழக்கம்போல் “கொஞ்சம் லைன்ல இருங்கம்மா, பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

“தீபா மேடமா?”

“ஆமாம்மா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க? குரலு மாறிப்போச்சே.”

“குரலு இன்னா குரலு? ‘பார்த்துச் சொல்றேன்’னு வேற யாரு சொல்றாங்க அங்க? மத்தவங்க ‘வரும், வரும்’னு வெச்சிடுவாங்க. சளி புடிச்சிக்கினா சரியாப் பூடும். இருக்கறது இருக்கட்டும், சிலிண்டரு எப்ப வரும்?”

வைத்த பிறகு அடுத்த போனை எடுக்க எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. தெய்வசிகாமணி சார் எட்டிப் பார்த்தார். “கண்ணுல தூசி” என்றேன்.

பழைய குரல் வந்ததும் போன் பண்ணு என்றீர்கள். கோபமில்லை. பதினோரு விநாடிதான் என்றாலும் நீங்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அந்தக் குரல் உங்களிடமே இருக்கட்டும். ரயிலில் கேளுங்கள். அவள் மாத்திரை வாங்கிவிட்டாள், கவலைப்பட வேண்டாம் என்றுதான் எப்போதும் சொல்வாள். அவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. எனக்கு இப்போது நிறையத் தெரிகிறது. இந்தக் குரலில்தான் தெரிகிறது.

நான் போன் செய்யமாட்டேன். நீங்கள் கூப்பிட்டால் எடுப்பேன். “நான்தான்” என்று மட்டும் இனிமேல் சொல்லமாட்டேன். அது தெரிந்தவர்களிடம் சொல்கிற சொல்.

அலமாரியில் சிரிஞ்சு அதே இடத்தில் இருக்கிறது. டாக்டர் போட்ட வட்டத்தின் மை லேசாக அழிந்திருந்தது. இன்று காலை என் பேனாவால் அதன்மேலேயே இன்னொரு வட்டம் போட்டேன். முப்பதாவது கோடு, ஒரு கோடு தாண்டாமல். வியாழக்கிழமை டாக்டரிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். இன்று செவ்வாய். அவருக்கு இன்னும் தெரியாது, சின்னப்பாப்பாவுக்குத் தெரியாது. உறையில் உங்கள் முகவரியை எழுதிவிட்டேன். ஆனால் வீட்டில் இருக்கிறவளோடு கலந்து பேசியாகிவிட்டது, இனி அஞ்சலகம் வரை நடக்கப் போவதில்லை. அதனால் உங்களிடமும் சொன்னதாகாது.

தீபலட்சுமி