லைன் போவுதா, போயிடுச்சா

இன்று காலை உன் தையல் மிஷின் எண்ணெயை எடுத்தேன். குப்பியின் நுனியில் நீ குத்தி வைத்திருந்த குண்டூசி அப்படியே இருந்தது. பிடுங்கியதும் வாசனை வந்தது. நீ மிஷினுக்கு இரண்டு சொட்டு விட்டுவிட்டு விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொள்வாய், கறை போகாது என்று பிறகு என்னிடம் சண்டைக்கு வருவாய். குண்டூசியை என் சட்டையில் குத்திக்கொண்டேன். பிறகு உன் தங்கச்சியின் கட்டிங் பிளேயரை எடுத்து அதன் மூட்டில் இரண்டு சொட்டு விட்டேன். புது பிளேயர், அதற்குள் துரு. ஐஸ் பேக்டரியின் உப்புத்தண்ணீர் எதையும் விட்டுவைப்பதில்லை.

ஆமாம், அமுதா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என்னோடுதான், காசிமேட்டு ஐஸ் பேக்டரியில், எலக்ட்ரீஷியனாக. உனக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது என்றுதான் எழுதுகிறேன். வியாசர்பாடியில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கண்ணு எதுர்க்கவே இருக்கட்டும்பா, எனக்கு பயம் இல்ல" என்றார். அவருடைய பயம் மொத்தமும் அன்றே என்னிடம் வந்துவிட்டது. எங்கள் பேக்டரித் தரை எப்போதும் ஈரம் என்பது உனக்குத் தெரியும். அந்த ஈரத்தில் நின்றுகொண்டுதான் மூன்று பேஸ் மோட்டாரைத் திறக்க வேண்டும்.

சேருவதற்கு முன் கல்மண்டபத்து டூல்ஸ் கடைக்கு அழைத்துப்போனேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உன் காரியத்துக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறார். என்ன பேசுவது என்று தெரியாமல், "யாருக்கு மாமு, உனக்கா?" என்றார்.

"எனக்குத்தான் பாய்," என்றாள் அமுதா.

"பாப்பாவுக்கா?"

"பாப்பாலாம் வேணாம். நல்ல பிளேயரா குடுங்க."

அவள் கண் கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய பெட்டிமேல் இருந்தது. உள்ளே என்னென்னவோ அடுக்கி, பளபளவென்று இருந்தது. அது வேண்டாம் என்றேன். ஒரு கட்டிங் பிளேயர், ஒரு மூக்கு பிளேயர், தட்டை முனையிலும் நட்சத்திர முனையிலும் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், வயர் தோல் உரிக்க ஒரு கத்தி, இரண்டு ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், டெஸ்டர். புதிதாகச் சேருபவளுக்கு இது போதும். ஆனால் ஒவ்வொன்றின் கைப்பிடியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரப்பரில் நகத்தால் கீறினேன். எங்காவது முடி அளவு வெடிப்பு இருந்தாலும் அந்த வழியாகக் கரண்ட் வந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. என் விரலுக்கு இப்போதெல்லாம் எதுவும் சரியாக உறைப்பதில்லை. அதனால் ஒரே பிளேயரை மூன்று தடவை பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இந்தப் பாடு படுத்த மாட்டான் மாமு," என்றார் பாய்.

அமுதா சிரித்தாள். எனக்கு நம் கல்யாணமான புதிதில் நீ என் பையைத் தரையில் கொட்டியது நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இவரு யாரு, உங்க பக்கத்து சொந்தமா?" என்று கேட்டாய். மூக்கு பிளேயரைப் பார்த்ததும், "யோவ், இது உங்க பெரியப்பாதான?" என்றாய். அதற்கப்புறம் பெரியப்பா வீட்டுக்கு வந்தபோது நீ சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

டெஸ்டரைப் பற்றி அமுதாவிடம் தனியாகச் சொன்னேன். முதலில் சப்ளை இருக்கும் பிளக்கில் வைத்துப் பார், எரிகிறதா என்று. பிறகு வேலை செய்யப்போகும் லைனில் வை. எரியவில்லை என்றால் திரும்பப் போய் அதே பிளக்கில் வைத்து, டெஸ்டருக்கு உயிர் இருக்கிறதா பார். அதற்கப்புறம்தான் கை.

"இன்னா மாமா, கோயிலாண்ட போறப்ப ஒரு கும்புடு, வர்றப்ப ஒரு கும்புடா?" என்றாள்.

"ஆமா. கும்புடு."

எங்கள் வேலையில் ஒரு வார்த்தை உண்டு, உனக்கு அது பிடிக்காது. லைனில் சப்ளை நின்றுவிட்டால் "செத்துடுச்சு" என்போம். ஒருநாள் திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பேக்டரியிலிருந்து ரபீக் போன் செய்தான். நான் சத்தமாக, "செத்துடுச்சா? நல்லா பாத்தியா? இன்னொரு வாட்டி தொட்டுப் பாரு. சரி, அப்போ கழட்டி கீழ எறக்கிடு" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும்மா? வயசானவங்களா?" என்று உன்னைக் கேட்டது. "மோட்டார் ஆயா," என்றாய். ஆட்டோவே சிரித்தது. இறங்கியதும் என் தோளில் அடித்தாய். "வேற வார்த்தையே கெடைக்கலையாய்யா உங்களுக்கு? வாய்ல நல்லதே வராதா?"

வேறு வார்த்தை கிடைத்தது. ஆஸ்பத்திரியில்.

காய்ச்சல் என்றுதான் உன்னைச் சேர்த்தோம். நான் வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கும் உன் சால்வையுமாக இருந்தேன். நர்ஸ் வந்து, "போயிட்டாங்க சார்" என்றார். "எந்த வார்டுக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன். அதற்குள் அவரை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்து நடந்தேன். ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்கும் இடம்வரை போய்விட்டேன். சால்வை கீழே விழுந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். அமுதாதான் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "எங்க போற மாமா? அக்கா உள்ளதான் கீது," என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது பேக்டரியில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவர்கள் பேசி வைத்துக்கொண்டார்களா, தானாக நின்றதா தெரியாது. லைன் நின்றால் ரபீக், "போயிடுச்சு மாமு" என்பான். சப்ளை இருந்தால், "போவுது, போவுது." எனக்காகத்தான். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன வாரம் ஐஸ் உடைக்கும் மெஷின் இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகையில் வேறு வேலையாக நின்றேன். கீழே அமுதா நின்றுபோன மோட்டாரின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். ரபீக் பேனல் அறையில்.

"ரபீக்ண்ணா! லைன் இன்னா ஆச்சு?"

உள்ளேயிருந்து "போ" என்று ஆரம்பித்து ஏதோ வந்தது. மிச்சத்தை மெஷின் தின்றுவிட்டது. அமுதா தலையை ஆட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தாள். நான் மேலிருந்து பார்க்கிறேன். போவுதா, போயிடுச்சா? எனக்கும் தெரியவில்லை. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவளுடைய ரப்பர் பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஸ்பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவர் பக்கம் போனாள். பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து மோட்டாரின் முதல் முனையில் வைத்தாள். எரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் எரிந்தது.

பேனலில் சுவிட்சை ஆஃப் செய்தும் ஒரு பேஸ் மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டு நின்று, அதில் கரண்ட் வந்துகொண்டிருந்திருக்கிறது. ரபீக் அதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறான். நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொன்னேன். ரபீக் வெளியே வந்தான்.

"போவுதுன்னுதானம்மா சொன்னேன்! இருன்னு சொன்னேன்!"

"எனக்கு 'போ' மட்டுந்தான் காதுல வுழுந்துச்சு. போச்சுன்னு நெனச்சிக்கினேன்." அமுதா டெஸ்டரை அவனிடம் தூக்கிக் காட்டினாள். "ஐடிஐல செத்துச்சுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. போவுது, போச்சு... எவன் கண்டுபுட்ச்சான் இத?"

ரபீக் என்னைப் பார்த்தான். "மாமு எதுர்க்க எப்டிம்மா..." என்று நிறுத்தினான்.

அமுதாவுக்குப் புரிந்துவிட்டது. கையைத் துணியில் துடைத்தாள், அழுத்தி, ரொம்ப நேரம்.

"எனக்கும் அது அக்காதாண்ணா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ போய் ஃபியூஸ் கட்டையப் புடுங்கு மாமா. புடுங்கிட்டு நீயே சொல்லு. போச்சு, வந்துச்சுலாம் என்னாண்ட வேணாம். அந்த வார்த்தையச் சொன்னாத்தான் ஸ்பேனர எடுப்பேன்."

ஓடும் மெஷினைத் திரும்பப் போடச் சொன்னாள். தினமும் அந்தச் சத்தத்தில்தானே வேலை.

பேனல் அறைக்குப் போனேன். அந்த மோட்டாரின் மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். சூடாக இருந்தன. வெளியே அவள், "மாமா, இன்னா ஆச்சு?" என்றாள். நான் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை.

"மாமா! காதுல வுழல!"

"செத்துடுச்சு!" என்று கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன். ரபீக் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் அவள் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். மூன்று முனையிலும் பார்த்துவிட்டு, திரும்பப் பிளக்குக்கும் போனாள். உன் தங்கச்சி என்னையும் நம்பவில்லை. இத்தனை நாளில் எனக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான்.

இப்போது தினமும் சொல்கிறேன். லைனைப் பற்றி மட்டும். உன்னைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை, எழுதவும் கை போகவில்லை. அமுதாவும் அதைக் கேட்கவில்லை.

அவள் மோட்டாரைத் திறக்கும்போதெல்லாம் பிடுங்கிய கட்டைகளை நான் பேனலில் வைப்பதில்லை. யாராவது தெரியாமல் திரும்பச் செருகிவிட்டால்? என் பேன்ட் பையில் போட்டுக்கொள்கிறேன். கனம், நடக்கும்போது தொடையில் இடிக்கிறது. டீ குடிக்கப் போனாலும் பையிலிருந்து கையை எடுப்பதில்லை. மூன்றும் இருக்கின்றனவா என்று விரலால் எண்ணிக்கொண்டே நிற்கிறேன், அவள் "முடிஞ்சுது மாமா, போடு" என்று கத்தும் வரைக்கும்.