பம்பு வம்புக்குப் போன வாரம்

மே 6, திங்கள்

விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தால் வீடு தாங்காது என்று அம்மா என்னைத் தன் தங்கையிடம் தள்ளிவிட்டாள். சித்தியின் ஆய்வுக்கூடத்தில் இருமல் மருந்து சோதிக்கிறார்கள். நான் குப்பி கழுவுகிறேன். பிடித்திருக்கிறது. வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

இன்று தராசு அறைக் கதவில் ‘மூச்சை அடக்கி எடை போடவும்’ என்று ஒரு தாள் ஒட்டினேன். கூடத்தின் தலைவரான பெரிய சார் நிஜமாகவே அடக்கினார். தக்காளி நிறத்தில் வெளியே வந்தார். சித்தி என்னைப் பார்த்த பார்வைக்குப் பால் திரிந்திருக்கும்.

மே 7, செவ்வாய்

மருந்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி மக்கர். கரைப்பானைப் பாட்டிலிலிருந்து உறிஞ்சித் தள்ள அதில் ஒரு பம்பு. பம்பில்தான் வம்பு. நிமிடத்துக்கு ஒரு மில்லி என்று திரை சொல்கிறது. அளவுக்குழாயில் பிடித்தால் பாதிக்குச் சற்று மேல்.

பெரிய சார் பம்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உன் கைவரிசையாம்மா? அப்படித்தான்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து இங்க வரவேண்டாம்."

நான் வாய் திறக்கும் முன்னே சித்தி: "இவளுக்கு வாய்தான் சார் நீளம். கருவியில கை வைக்க மாட்டா. நான் பொறுப்பு."

இதுவரை என்னால் எல்லாருக்கும் வந்தது வெறுப்பு, கடுப்பு. பொறுப்பு என்று ஒருத்தர் சொன்னது இன்றுதான்.

மே 8, புதன்

பழுது பார்க்கும் அண்ணன் எதைக் கேட்டாலும் "பொறு" என்பார். அதனால் அவர் பொறுமைத் திலகம். இணைப்புகளில் தாளை ஒற்றிப் பார்த்தார், கசிவு இல்லை. குழாயிலிருந்த காற்றுக்குமிழியை விரட்டினார். பலனில்லை. பாட்டிலுக்குள் கிடக்கும் வடிகட்டியை மாற்றினார். ஓடியது! கைதட்டினேன். "பொறு" என்றார். கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. வால்வைக் கழுவி, புதுக் கரைப்பான் ஊற்றினார். ஓடியது. மறுபடி படுத்தது.

"வாலு, இது உன்னை மாதிரியே நடிக்குது."

நான் சிரிக்கல. பெரிய சார் இன்னும் என்னைத்தான் பார்க்கிறார். என்னை அனுப்பினா போறேன், ஆனா பொறுப்புன்னு சொன்ன சித்தி தலைகுனியணுமே? நான் செய்யலையே — செய்யாததை எப்படிக் காட்டுறது?

மே 9, வியாழன்

அளவுக்குழாயோடு உட்கார்ந்திருந்தபோது சும்மா சொன்னேன்: "அண்ணா, நீங்க பாட்டிலைத் திறந்து மூடினா மட்டும் கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடுது. மூடியைத்தான் பிடிக்கலையோ?"

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் குப்பி துடைத்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. எழுந்து வந்து மூடியிலிருந்த ஓர் அடைப்பானைப் பிடுங்கினாள். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போனது. பம்பு ஓடத் தொடங்கியது.

காற்று போகவென்றே மூடியில் விட்டிருக்கும் துளை அது. அடைத்தால், உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம். கரைப்பான் மேலே வராமல் அடம் பிடிக்கும். அடைப்பான் அவ்வளவு கச்சிதம். கருவியோடு வந்தது என்றே அண்ணன் நினைத்திருக்கிறார்.

பெரிய சாரும் வந்துவிட்டார். ‘தூசிக்காக நான்தான் அடைத்தேன்’ என்று சித்தி சொல்லியிருந்தால் யாரும் மேலே கேட்டிருக்கமாட்டார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"நான்தான் சார், திங்கக்கிழமை சாயந்திரம். இவ மை நிரப்பின சிரிஞ்சும் கையுமா திரியறா, அந்தத் துளை வழியா உள்ள ஏத்திடுவாளோன்னு பயந்து அடைச்சேன். மூடியோட திருகு மரை வழியாவே காத்து போயிடும்னு நினைச்சேன். தப்பு என்னோடது. இவ பண்ணல."

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "அப்போ பொறுப்புன்னு சொன்னது பொய்யா?"

"சொன்னதும் நிஜம், பயந்ததும் நிஜம்டி. உன்னை நம்பினேன். உன் கையை நம்பல."

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பெரிய சார் முன்னாடியே தன் பேரைக் கெடுத்துக்கிட்டு என் பேரைக் காப்பாத்தினா. நன்றி சித்தி. நேர்ல சொன்னா நீ கிண்டல் பண்ணுவே, அதனால இங்க.

மே 10, வெள்ளி

பெரிய சார் என்னிடம், "தப்பா நினைச்சுட்டேம்மா." பதிலுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மே 14, செவ்வாய்

மதியம் சாப்பிடக் கிளம்பிய சித்தி, "கரைப்பான் குறைஞ்சா ஊத்திடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அறையில் நானும் கருவியும் மட்டும். குறைந்தது. ஊற்றினேன். மூடினேன். அளவுக்குழாயில் பிடித்துப் பார்த்தேன் — சரியாக ஒரு மில்லி.

சித்தி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள்.