முக்காலியைத் தேடாதே

மகளே,

விடிந்ததிலிருந்து இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. எரிந்தால் எரியட்டும். நான் சலவைக்கடைக்குப் போகிறேன்.

செருப்பைப் பீரோவுக்கு மேல் ஒளித்துவைத்தால் அம்மா வீட்டோடு கிடப்பாள் என்று நினைத்தாயாக்கும். பெற்றவளுக்குத் தெரியாத ஒளிவிடமா?

சமையலறை முக்காலியைத் தேடாதே. அதையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். "நின்னுதான் இஸ்திரி போடணும், முடியலன்னா கெளம்பும்மா" என்று சூப்பர்வைசர் சொன்னான் அல்லவா? இன்றைக்கு அவன் கண்ணெதிரே முக்காலியைப் போட்டு, உட்கார்ந்தே தேய்க்கப்போகிறேன். கிளம்புவதா வேண்டாமா என்பதை என் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சர்க்கரை தின்றது போக மிச்சக் காலைப் பதினெட்டு வருஷமாக அவன் கடைத் தரைதான் தின்றது.

சோறு மூடிவைத்திருக்கிறேன். சாப்பிடாமல் ஓடாதே. சாவி மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கிறது.

நர்சம்மா சொன்னபடி கொப்புளத்துக்குக் கட்டு மாற்றிவிட்டேன். எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் காலை விட்டது என் தப்புதான். சும்மா இருக்கும்போது எரிகிற காலுக்குக் கொதிக்கிற தண்ணீர் தெரியவில்லை. இனி நீ கை விட்டுப் பார்க்காத தண்ணீரில் கால் வைக்கமாட்டேன்.

அம்மா

இன்னொன்று. நேற்று நீ மருந்து போட வந்தபோது, "விடுடீ" என்று காலை உதறினேன். உன்மேல் பட்டது என் காலுக்குத் தெரியவில்லை, உன் உதடு வீங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்கு உன்னிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.