செங்கல்லைக் கட்டிய முடிச்சு

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

வெள்ளைமூக்கி கன்று போட்டு எட்டு நாள் ஆகிறது. அன்று சாயங்காலம் வரை நஞ்சுக்கொடி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது தானாக இறங்கட்டும் என்று அதில் அரைச் செங்கல்லைத் தொங்கவிட்டீர்கள். பிறகு பொறுமையில்லாமல் கையாலேயே இழுத்தீர்கள். பாதி அறுந்து வந்தது. "வந்துருச்சு பாரு" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் மில்லுக்குப் போய்விட்டீர்கள். மீதி உள்ளேயே அழுகிவிட்டது.

வியாழக்கிழமை முதல் செம்பழுப்பாக நீர் ஒழுகுகிறது. நாற்றத்தில் தொழுவத்தில் நிற்க முடியவில்லை. தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காய்ச்சல் நூற்று நான்கரை, நோட்டில் குறித்திருக்கிறேன். கன்றுக்குக்கூடப் பால் போதவில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்தார். வாலைத் தூக்கிப் பார்த்தவர், மூலையில் கயிற்றோடு கிடந்த செங்கல்லையும் பார்த்தார்.

"இது மாடா, தராசா? எடைக்கல்லு கட்டியிருக்கீங்க! கர்ப்பப்பையில சீழ் வெச்சிருக்கு. யாரு இழுத்தது?"

"நான்தான்" என்றாள் அம்மா.

அப்பா, அந்த நேரம் அம்மா தவிடு வாங்கப் போயிருந்தாள். தொழுவத்தில் இருந்தது நீங்களும் நானும்தான். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை. உண்மையை டாக்டரம்மாவுக்கு நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்


மார்ச் 14

மகளுக்கு,

நாலு எழுத்துப் படித்துவிட்டால் பெற்றவனுக்கே விசாரணையா? கல் கட்டுவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. எத்தனையோ மாட்டுக்குக் கட்டியிருக்கிறேன், ஒன்றும் சாகவில்லை. ஈரத் தரையில் படுக்கவைத்தது யார்? உன் அம்மா. இழுத்ததும் தான்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் உனக்கென்ன வக்காலத்து? யார் கேட்டாலும் அதையே சொல்.

சீழ் வைத்த மாடு இனிச் சினை பிடிக்காது. ஏப்ரல் கடைசியில் தரகரை அனுப்புகிறேன். வாயை மூடிக்கொண்டு அவிழ்த்துக் கொடுங்கள். அடம் பிடித்தால் உன் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும்.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

போன மாதம் நீங்கள் வரவில்லை. இன்று காலை உங்கள் தரகர் வந்தார். வெள்ளைமூக்கியின் கயிற்றைப் பிடித்தபடியே, "பொம்பளை கைய வெச்சுக் கெடுத்த மாடாமே? உங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்றாரு" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

எதையும் குறைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். ஆனால் ஒரு வரியைக் குறைத்திருந்தேன். அதை அவர் முன்னாலேயே சொன்னேன்: "இழுத்தது அப்பா. ஆனா செங்கல்லு கட்டுன முடிச்சு நான் போட்டது." 'கெட்டியா கட்டு' என்றீர்கள். சாரணர் வகுப்பில் கற்றதை உங்களிடம் காட்டும் ஆசையில் கட்டினேன்.

"தெரியும்டி" என்றாள் அம்மா. "இழுக்க இழுக்க இறுகுற முடிச்சு இந்த வீட்டுல வேற யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா உன்னைத் திட்டிடக் கூடாதுன்னுதான் நான்னு சொன்னேன். உங்கப்பனுக்காக இல்ல."

அப்புறம் தரகர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். "வேணும்னா அவரே வந்து அவுக்கட்டும். பாத்துக்கறேன்."

மூன்று வாரம் ஊசி, மருந்து. இந்த வியாழக்கிழமை வெள்ளைமூக்கி பருவத்துக்கு வந்து விடாமல் கத்தினாள். ஒழுக்கு கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. டாக்டரம்மா கையை உள்ளே விட்டுப் பார்த்து, "பை சுருங்கி சுத்தமாயிடுச்சு. அடுத்த தடவ பருவத்துக்கு வந்ததும் சினை ஊசி போடலாம்" என்றார். நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே அம்மா பெட்டி கட்டினாள். உங்கள் பெட்டி. ஏழு சட்டை, சவரச் சாமான், சீப்பு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த அரைச் செங்கல். கயிறு போட்டது நான்தான். அதே முடிச்சு.

மகள்

பின்குறிப்பு: நீங்கள் வரும் மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் வாசல் விளக்கை எரியவிடுவோம். இன்றும் கடைசிச் சனிக்கிழமைதான். ஏழு மணி பஸ்ஸின் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள்.