அப்பாவின் ரயில் நின்றுபோன காரணம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் பேத்தியும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், ஒருவேளை சளி இருமல் ஏதாவது இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் சரியாகிவிட வேண்டும், சொல்லிவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார், இந்தக் கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பாதியில் பதறிப்போய் போனை எடுக்காதே. போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் நான் ஏன் மை காய்ந்துபோன பேனாவை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? இப்போதெல்லாம் உன் போன் வந்தாலே இவர் ஸ்பீக்கரில் போடு என்று சைகை காட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், தான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. சம்பந்தியம்மா உன்னோடு இருப்பதால் எனக்குப் பாதிக் கவலை இல்லை, அவர்களிடம் என் நன்றியைச் சொல். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு, வீடு குப்பையாகக் கிடந்தால் கிடக்கட்டும், குப்பை எங்கேயும் ஓடிப்போகாது. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு திரியாதே.

நீ அப்பா மேல் கோபமாக இருக்கிறாய். பேத்தி பிறந்த சேதி கேட்டு அவர் துள்ளிக் குதித்ததை நீ போனில் கேட்டாய். அடுத்த வாரமே, எப்போ வர்றீங்கப்பா என்று நீ கேட்டதற்கு, மாடி ரூம் ரயில் சரியா ஓடற வரைக்கும் நான் எங்கயும் வரல என்று சொன்னதையும் கேட்டாய். பேத்தியை விட பொம்மை ரயில் பெருசாப் போச்சா என்று நீ அழுதாய். அதில் தப்பே இல்லை, நானும் அன்று அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஊரிலுள்ள பஸ்ஸையெல்லாம் நேரத்துக்கு அனுப்பிய மனிதருக்குச் சொந்தப் பேத்தியைப் பார்க்க மட்டும் நேரம் இல்லையாம். அவர் விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டார். சரி, ரயில்தானே சாக்கு, அந்தச் சாக்கையே இல்லாமல் செய்துவிடுகிறேன் என்று நான் முடிவு கட்டினேன். ரேடியோ கம்பெனியில் அத்தனை வருஷம் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் பிடித்த கை இது, ரிட்டயர் ஆனதும் அவருக்கு ஒயரை ஒட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான், கற்றுக்கொண்ட பிறகு, இது என் டிப்போ, நீ தொடாதே என்று என்னைத் துரத்திவிட்டார்.

பெரிய மேஜை மேல் அவர் போட்டிருந்த தண்டவாளத்தில் ரயில் என்ன செய்தது என்றால், ஸ்டேஷனிலிருந்து ஒழுங்காகக் கிளம்பும், ஜன்னல் பக்கத்து வளைவுக்கு வந்ததும் திக்கும், விளக்கு மினுக்கும், நின்றுவிடும். விரலால் தள்ளினால் கொஞ்ச தூரம் போகும், மறுபடி நிற்கும். இவர் முதலில் தூசி என்றார், பிறகு வீட்டுக் கரண்ட் சரியில்லை என்றார், பிறகு என்ஜினுக்குள் மோட்டார் தேய்ந்துபோச்சு என்றார், கடைசியில் என்ஜின் செய்த கம்பெனிக்காரன் பரம்பரையையே திட்டினார். பெட்டிகள் வேறு தடம் புரண்டுகொண்டே இருந்தன, அதற்குச் சக்கரம் கோணலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம் என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அவர் சாயங்காலம் நடக்கப் போகும் நேரமாகப் பார்த்து மாடிக்குப் போனேன். தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன், துணியில் கறுப்பு வந்தது, ஆனால் ரயில் அதே இடத்தில்தான் நின்றது. என்ஜினைத் தூக்கி, கரண்ட் வருகிற இரண்டு ஒயரில் நேராக வைத்தேன், சக்கரம் விர்ரென்று சுற்றியது, ஆகவே பாவம், கம்பெனிக்காரன் மேல் பழி இல்லை. அடுத்து மீட்டரை எடுத்து வளைவில் வைத்தேன், பன்னிரண்டு வோல்ட் ஜம்மென்று காட்டியது. அதே இடத்தில் என்ஜினை ஏற்றி நிறுத்தியதும் முள் சரிந்து விழுந்தது. சும்மா இருக்கும்போது வீராப்பு, வேலை என்று வந்தால் ஆளைக் காணோம், கரண்டிலும் அப்படி உண்டு. வழியில் எங்கேயோ ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு ஜாயிண்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சின்ன ஒயர் இறங்கி, மேஜைக்கு அடியில் ஓடுகிற பெரிய ஒயரில் சேர்கிறது. முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே டார்ச்சோடு மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

ஸ்டேஷன் பக்கத்து ஜாயிண்டுகள் எல்லாம் அவர் ஆரம்பத்தில் வைத்தவை, சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னின, நானே வைத்திருந்தாலும் அவ்வளவுதான். வளைவுப் பக்கம் இந்த வருஷம் வைத்தவை. டார்ச்சை அங்கே திருப்பினேன். எல்லாமே சாம்பல் பூத்து, சொரசொரவென்று, விளிம்பில் கீறலோடு இருந்தன. லேசாக இழுத்தேன், ஒயர் கையோடு வந்துவிட்டது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஈயம் உருகி இறுகுவதற்கு ஒரு மூச்சு நேரம் ஆகும், அந்த ஒரு மூச்சுக்குக் கை அசையக்கூடாது, அசைந்தால்தான் இப்படிச் சாம்பல் பூக்கும். கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசரம்மா, ராத்திரி தூங்காம வந்தியாடி, ஈயம் காட்டிக் கொடுக்குது பாரு என்று திட்டுவார். ஒன்றிரண்டு ஜாயிண்ட் அப்படி இருந்தால் அவசரத்தில் வைத்தார் என்று விட்டுவிடலாம். வரிசையாக அத்தனையும் அப்படி இருந்தால்?

மேஜைக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாகக் காப்பியைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்றாதே என்கிறார், சர்க்கரைக்குப் பயந்து குறைக்கிறார் என்று நினைத்தேன். பட்டன் வைத்த சட்டை எல்லாம் பீரோவிலேயே கிடக்கிறது, பனியன் துணிச் சட்டைதான் போடுகிறார், வயசு போன காலத்தில் ஸ்டைலைப் பாரு என்று கேலி செய்தேன். பெட்டி தடம் புரண்டது சக்கரத்தால் இல்லையடி, தூக்கி வைத்த கையால். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லையே என்று அழுகையும் வந்தது, என்கிட்ட மறைக்கத் துணிஞ்சாரே என்று ஆத்திரமும் வந்தது.

அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அயர்னைச் சூடு பண்ணினேன். இரண்டு மூன்று சாயங்காலத்தில் எல்லா ஜாயிண்டையும் பிரித்துப் புதிதாக வைத்தேன். அப்புறம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ரயிலை விட்டேன், ஒரு திக்கல் இல்லை, சுற்றோ சுற்று என்று சுற்றியது. ரயில் ஓடிருச்சு, பேத்தியைப் பார்க்கப் பெட்டியைக் கட்டலாமா என்று கேட்டேன். கன்ட்ரோல் பெட்டி சூடாகுது, அதைப் பார்க்கணும் என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாங்க கை நடுங்குது என்று கேட்டேன். ரயில் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, அவ ஆசையா குழந்தைய என் கைல குடுப்பா, நான் கீழ போட்டுட்டா என்ன பண்றது என்றார். குழந்தைன்னா ஆட்டித்தானே தூங்க வைக்கணும், உங்களுக்கு அந்த வேலை மிச்சம் என்று தேற்றிப் பார்த்தேன். இவ்வளவுதான் மகளே அப்பா வராமல் இருந்ததற்குக் காரணம். பேத்தியை விட ரயில் பெரிசாக இருந்ததில்லை.

மறுநாளே இழுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு கோடு வரையச் சொன்னாள், டம்ளருக்கு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொன்னாள், நடக்க விட்டுப் பார்த்தாள். நாங்கள் பயந்த பெரிய வியாதி இல்லையாம். சும்மா வைத்திருந்தால் கை அமைதியாக இருக்கிறது, வேலைக்கு எடுத்தால்தான் நடுங்குகிறது, சும்மா இருக்கும்போதே நடுங்குவதுதான் அந்தப் பெரிய வியாதி, இது வேறு, குடும்பத்தில் வருவதுண்டு என்றாள். உன் பெரியப்பாவுக்குத் தலை ஆடுமே, எதைக் கேட்டாலும் வேண்டாம் என்கிறார் என்று நாமெல்லாம் நினைத்தோமே, அதுவும் இந்த வகைதானாம். மாத்திரை கொடுத்திருக்கிறாள், கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, முழுக்கப் போகாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. இப்போது மாடியில் நான் சால்டர் வைக்கிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒயர் இல்லடி, செவப்பு, செவப்பு என்று அதிகாரம் பண்ணுகிறார். வாய் மட்டும் நடுங்கவே இல்லை.

டிக்கெட் போட்டாயிற்று, அடுத்த மாதம் இரண்டாம் வாரம் அங்கே இருப்போம். மாப்பிள்ளையிடம் இதைப் பக்குவமாகச் சொல், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். நான் எழுதியது அவருக்குத் தெரியாது. நீயும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், என் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் அப்பாவின் கையைப் பார்க்காதே, அழாதே. கை வைத்த சோபாவாகப் பார்த்து உட்கார வை, மடியில் ஒரு தலையணை போடு. பிடிச்சுக்கறீங்களாப்பா என்று கேட்காதே, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமல், குழந்தையை நீயே அவர் மடியில் வைத்துவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா