பத்தாவது கொக்கி

மேசைமேல் ஒரு சிவப்புக் கொக்கி கிடக்கிறது. நேற்று ஆழ்வார்திருநகரியிலிருந்து கொண்டுவந்தது. முன்பக்கம் நீ அடித்த பெயின்ட் இன்னும் பளபளவென்று இருக்கிறது. இந்த ஊர் உப்புக்காற்றைத் தாண்டி அது நிற்கிறதென்றால், அடியில் பிரைமர் இரண்டு தடவை அடித்திருக்கிறாய். புரட்டிப் பார்த்தால் நாலே நாலு வெல்டிங் பொட்டு, ஒவ்வொன்றும் வேப்பங்கொட்டை அளவு. பெயின்டுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை இந்தப் பக்கம் காட்டியிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை. உன் ஆண்டுப் பூசையில் சாமியார் உன்னை நேர்மையான உழைப்பாளி என்று சொன்னபோது எழுந்து மாதா கோயிலுக்கு வெளியே வந்துவிட்டேன். நான் அழத்தான் போகிறேன் என்று நினைத்து உன் மனைவி பின்னாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் என்ன சொல்ல முடியும்? வாங்கிக் குடித்தேன்.

நாம் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. முத்தையாபுரத்தில் துறைமுக லாரிகள் போகிற சாலையோரம் ஷெட் பிடித்தபோது, ஒரு பெண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஜீப்புக்குப் பம்பர் செய்யப்போகிறாயா என்று உன்னைக் கேட்காதவர்கள் இல்லை. "அவ கோடு போட்டா நான் ரோடே போட்டுருவேன்" என்று அத்தனை பேரிடமும் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

அந்த வேலையை நாம் நன்றாகத்தான் செய்தோம். தேரிக்காட்டுச் செம்மணலில் ஏறுகிற வண்டிக்குப் பம்பரின் மூக்கு முதலில் மணலில் குத்தக்கூடாது, டயர்தான் முதலில் தொட வேண்டும். அதற்காக இரண்டு ஓரத்தையும் மேலே சாய்த்து வரைவேன். நீ ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை என் கோட்டின்படி அறுத்து, வண்டியின் முன்னால் பிடித்துக்கொண்டு தூரப் போய்ப் பார்க்கச் சொல்வாய். "ஏளா, இது சிரிக்கல, அழுவுது" என்பாய். நான் ஓரத்தை இரண்டு விரல் அளவு தூக்கி வரைவேன். "இப்ப சிரிக்குது" என்பாய். அதற்குப் பிறகுதான் தகட்டில் கை வைப்போம். உப்பள முதலாளிகள், ஞாயிற்றுக்கிழமை தேரிக்குள் வண்டி விடுகிற பையன்கள், ஆற்றோரத்து வாழைத்தோட்டக்காரர்கள் என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள்.

அந்த முதல் சிவப்புக் கொக்கியைக் கேட்டு வந்தவரை நினைவிருக்கிறதா? கையில் போனோடு வந்தார். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு ஜீப். முன் பம்பரில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்புக் கொக்கி. அதே இடத்தில், அதே மாதிரி வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். கொக்கி என்றால் வண்டியின் எடை முழுவதும் அதில் வரும். அது பம்பரைத் துளைத்துக்கொண்டு போய் உள்ளே வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தோடு, சேசிஸோடு, போல்ட் போட்டு இறுக வேண்டும். சேசிஸ் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கொக்கி வரும், விளக்குக்குப் பக்கத்தில் வராது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய். "பொட்டு வைக்கதுக்கு நெத்தியில ஓட்டையா போடுதாங்க? வெளித்தகட்டுல ஒட்டவச்சிக் குடுப்போம். அழகுக்குத்தான கேக்கான்."

நான் சிரித்தேன். இதை எத்தனை முறை நினைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"யாராவது அதுல கயிறு கெட்டிட்டான்னா?" என்று கேட்டேன்.

"பின்னாடி பம்பர்ல நெசக் கொக்கி இருக்குல்லா? இழுக்கதா இருந்தா அங்கன கெட்டச் சொல்லிருதேன். வண்டி குடுக்கும்போது சொல்லிருதேன்ளா. போதுமா?"

போதும் என்றேன். படத்தில் போல்ட் துளைகளை என் கையாலேயே அழித்தேன். அழித்த இடத்தில் 'அழகுக்கு' என்று எழுதினேன். அந்தப் படத்தை நம்மைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்படிப் பதினொரு வண்டி. ஒவ்வொரு வண்டி வெளியே போகும்போதும் "சொன்னியா?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் "சொன்னேன், சொன்னேன்" என்றாய், ரேடியோவில் பாட்டைக் கூட்டிவைத்துக்கொண்டே. நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. பதினொரு பேரில் ஒருவரிடம்கூட. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். வருகிறேன்.

கீழவைப்பார் உன் ஊர். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரை மீன் வாங்கக் கூட்டிப்போனாய், அவருடைய ஜீப்பிலேயே. பதினொன்றில் ஒரு ஜீப். கடப்புறத்தில் உன் சித்தப்பா மகனுடைய ஃபைபர் வள்ளம் அலையில் மாட்டிக்கொண்டு அடிபட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாக இழுக்கிற டிராக்டர் வரவில்லை. மற்றதை உன் தம்பிதான் எனக்குச் சொன்னான். அடக்கம் முடிந்து நாலாம் நாள், கல்லறைச் சுவரோரமாக நின்றுகொண்டு சொன்னான்.

"யக்கா, கூட வந்த சார்தான் கயித்த மாட்டுனாரு. 'உங்க ஊர்க்காரன் செஞ்ச கொக்கி, வேலையப் பாருங்க எல்லாரும்'னு சத்தமா சொல்லி முன்னாடி மாட்டுனாரு. எங்க ஆளுவ கைதட்டுனாங்க. அண்ணன் வள்ளத்துப் பக்கம் நின்னான். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. 'கயிறு சரியில்ல, மாத்திக் கெட்டுதேன்'னு சிரிச்சிக்கிட்டே கயித்த ஒட்டி நடந்து போனான். அந்தச் சார் பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டு ரிவர்ஸ் எடுத்துட்டாரு. கொக்கி பிஞ்சு வந்துட்டு."

"வேற ஒண்ணும் சொல்லலியா அவன்?"

"இல்லக்கா. கயிறு சரியில்லன்னு மட்டுந்தான் சொன்னான்." போகத் திரும்பியவன் நின்று சொன்னான். "ஆனா அது புதுக் கயிறு. போன வாரந்தான் வாங்குனோம்."

கயிறு இறுகும்போது பக்கத்தில் நிற்காதே என்று தேரியில் எத்தனை பேரை நீ விரட்டியிருப்பாய். தெரியாமல் போய் நின்றாய் என்றால் விதி என்று விட்டிருப்பேன். நீ தெரிந்தே போனாய். அந்தக் கொக்கி பிய்ந்து வரும் என்று கடப்புறத்தில் நின்ற அத்தனை பேரிலும் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நின்ற இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டிருக்கலாம். "அது டம்மி, அதுல கெட்டாதீங்க." வேறொன்றும் வேண்டாம். உன் ஊர் முன்னால், கைதட்டுகிறவர்கள் முன்னால், அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. மானம் போய்விடும் என்று உயிரைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். இரண்டு பிள்ளைகளின் அப்பா, எனக்கு இருந்த ஒரே கூட்டாளி. யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?

உன்னை அடித்த கொக்கி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பையில் கட்டிக் கிடக்கிறது. மீதிப் பத்து ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. உனக்கு ஒரு பழக்கம் உண்டே, வண்டி கொடுக்கிற அன்று பம்பரில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கொக்கியில் கை வைத்து ஒரு போட்டோ. உன் மனைவி உன் போனை என்னிடம் தந்தாள். பதினொரு போட்டோவிலும் நம்பர் பிளேட் தெரிந்தது. அந்த வகையில் உன் பவிசு உதவியது.

ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். "இதில் கட்டக்கூடாது என்று அவன் சொன்னானா?" என்று நேராகக் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ஒரு உப்பளக்காரர் அந்தக் கொக்கியில் ஏற்கெனவே ஒரு மோட்டாரை இழுத்திருக்கிறார், அது பிழைத்தது அவர் அப்பா அம்மா செய்த புண்ணியம். ஒருவருக்கும் நீ சொல்லியிருக்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்து உன் வெல்டிங் மாஸ்க்கைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கண்ணாடி உடைந்தது.

ஒன்பது கொக்கிகள் வந்து சேர்ந்தன. எப்படி வாங்கினேன் தெரியுமா? "புது மாடல் வந்திருக்கு, இலவசமா மாத்தித் தாறேன்" என்று சொல்லி. எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர் நண்டு வாங்கிக் கொடுத்தனுப்பினார். சேசிஸோடு போல்ட் போட்ட உண்மையான கொக்கியை மாட்டிவிட்டு, நன்றி சொல்லக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைத் திட்டிக்கொண்டே செய்தேன்.

பத்தாவது வண்டி ஆழ்வார்திருநகரியில் வாழைத்தார் வியாபாரம் செய்கிற அண்ணாச்சியுடையது. இடையில் விற்றுவிட்டார்கள், கை மாறி அவரிடம் வந்திருந்தது. கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. நேற்று மதியம் போனபோது அவர் வீட்டில் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பந்தலுக்கு அடியில் இருபது பேர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜீப் வாசலில் நின்றது. கொக்கியில் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு சுற்றிக் கிடந்தது.

"எதுக்கு அண்ணாச்சி கயிறு?" என்றேன்.

"மினி லாரி தோப்புல சேத்துல பதிஞ்சு கெடக்கும்மா. சாப்பிட்டுட்டுப் போயி, இதுல கெட்டி ஒரே இழு. மருமவன் கயித்த மாட்டிக்கிடுவாரு."

நான் பாடம் ஒப்பித்தேன். புது மாடல், இலவசம், பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

"வேண்டாம்மா. செஞ்ச பையன் செத்துப் போயிட்டானாமே. அவன் கைபட்டது. ஞாபகமா இருந்துட்டுப் போவுது." பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "பாத்தீங்களா, தூத்துக்குடியிலேருந்து ஆள் தேடி வருது இந்தக் கொக்கிக்கு!"

இருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாய் வரைக்கும் வந்தது என்ன தெரியுமா? "கொக்கியில ஒரு கீறல் இருக்கு, சரி பண்ணிக் குடுத்துடுதேன்." பாதி சொல்லியும்விட்டேன். "கொக்கியில ஒரு..." என்று ஆரம்பித்தபோதுதான் அது என் பேச்சு இல்லை என்று உறைத்தது. கயிறு சரியில்லை, மாற்றிக் கட்டுகிறேன். அதே பேச்சு. ஒன்பது வீட்டிலும் நான் அதைத்தான் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

உன்மேல் இருந்த கோபத்தில்தான் சொன்னேன். வேறு எந்த நல்ல எண்ணமும் அப்போது எனக்கு இல்லை.

"அண்ணாச்சி, அதுல கெட்டக் கூடாது. அது டம்மி. வெளித்தகட்டுல சும்மா ஒட்டவச்சிருக்கோம். சொல்லாம வித்தது எங்க தப்பு. படம் வரைஞ்சது நாந்தான். அந்தப் பையன் செத்ததும் இதே மாதிரி கொக்கி பிஞ்சுதான்."

அண்ணாச்சி ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சம்மட்டி கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது அடியில் கொக்கி அவர் காலடியில் வந்து விழுந்தது. அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், பிறகு ஆரம்பித்தார்.

"நீயெல்லாம் படிச்சவளா? எம் பேரன் தெனம் இதப் பிடிச்சித் தொங்குதான்! இன்னைக்கு எம் மருமவன நிப்பாட்டி இருப்பேனேளா! ஆள் சாவுத வேலையச் செஞ்சிட்டு, புது மாடலு, ஓசின்னு எங்கிட்டயே வந்து சொல்லுத!"

இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். எழுத முடியாததும் இருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. ஆனால் கால் நடுங்கியது, அதை மறைக்கவில்லை.

அவர் மூச்சு வாங்கியபோது அவர் மனைவி வந்தார். "வெயில்ல வந்திருக்கா. ஏசுனது போதும்" என்று சொல்லி என் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தார். அண்ணாச்சி முறைத்துவிட்டு, "பின்னாடி இருக்கதாவது நெசமா?" என்றார்.

"நெசம் அண்ணாச்சி. நீங்களே கீழ படுத்துப் பாருங்க."

வெள்ளை வேட்டியோடு மண்ணில் படுத்து, போல்ட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லோருமாகத் தோப்புக்குப் போனோம். பின்னால் கட்டி இழுத்தார்கள். கயிற்றுப் பக்கம் ஒருவரையும் நான் நிற்க விடவில்லை. மினி லாரி வெளியே வந்தது.

நாளையிலிருந்து அந்த ஒன்பது வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும். இந்த முறை உண்மையைச் சொல்ல. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் கால் நடுங்கும் என்று தெரியும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடுக்கமும் இந்தக் கோபமும்தான். இரண்டையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

நேற்று அந்தக் காபியை நின்றுகொண்டே குடித்தேன். சீனி கூடுதல். குடிக்கும்போது போனில் மணியைப் பார்த்தேன். அண்ணாச்சி திட்டியது மொத்தம் பத்து நிமிஷம்.

பத்து நிமிஷத் திட்டு, ஒரு டம்ளர் காபி. இவ்வளவுதாம்லே. இதுக்குப் பயந்துகிட்டா அந்தக் கயித்த ஒட்டி நடந்து போன?