பதினேழாம் கட்டத்தில் பூஜ்யம்

ஏப்ரல் 9
செடிக் கணக்கெடுப்புக்காகப் பதினேழாம் கட்டத்தில் கயிறு கட்டிச் சதுரம் போட்டோம். உள்ளே காய்ந்த புல்லும் எறும்பும்தான். பழைய பதிவேட்டில் இதே சரிவில் தரை ஆர்க்கிட் நாற்பது செடி என்று இருக்கிறது. அது மழைக்காலக் கணக்கு. கோடையில் இலை காய்ந்துபோய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். இந்தச் சரணாலயத்தில் வேறெங்கும் அது கிடையாது.

காவலர் ஒரு குச்சியை நீட்டினார். மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் எல்லாருக்கும் அவர் 'மீசை'தான். "தோண்டிப் பார்த்துடலாமா மேடம்? ஒரு சாண் ஆழம்தான்."

இங்கே தோண்டக் கூடாது என்றேன். பெரிய சட்டம் படித்தவள் நான்!

ஏப்ரல் 12
அதிகாரி கூப்பிட்டார். புதுச் சாலை அந்தச் சரிவு வழியாகத்தான். அரிய செடி ஒன்று இருந்தாலும் சாலையை வேறு வழியாகப் போட வேண்டும். பதிவேட்டைக் காட்டினேன்.

"அது பழைய கதைம்மா. நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

மழை வரட்டும் சார் என்றேன்.

"மழை வரைக்கும் உங்க ஒப்பந்தம் இருக்கணுமே" என்று சிரித்தார். மே மாதத்தோடு முடிகிறது.

ஏப்ரல் 13
வீட்டில் சொன்னேன். "நீ போடலைன்னா வேற யாராவது கையெழுத்துப் போடுவாங்க" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவருக்கு வேலை போய் ஏழு மாதம்.

ஏப்ரல் 15
அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே. இல்லைதானே?

மே 20
இயந்திரம் இறங்கிவிட்டது. சரிவில் வெட்டின மண்ணை லாரியில் கொண்டுவந்து அலுவலக வாசலில் கொட்டுகிறார்கள். குவியலைக் கையால் கிளறினேன். கோலிக்குண்டு அளவில் கிழங்குகள், பாதிக்குமேல் வெட்டுப்பட்டு. விரலெல்லாம் பிசுபிசுத்தது. அடிப்பாவி — ஒரு சாண், ஒரே ஒரு சாண் தோண்டியிருந்தா என்னடி!

மே 31
ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு நீட்டிப்பு.

ஜூலை 30
நல்ல மழை. மண் குவியலில் வெள்ளையாகப் பூ. மூன்று தடவை எண்ணினேன். ஆறு செடி. மீசையும் வந்து பார்த்துவிட்டு, குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

அதிகாரி காரை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "அட, அழகா இருக்கே! நாளைக்கு இந்த மண்ணை நிரவச் சொல்லியிருக்கேன். என்னம்மா பூ இது?"

"தெரியலை சார்" என்றேன்.

மீசை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.